ஆமை வேகம் ஆங்கிலத்துக்குப் போனால் நத்தை வேகம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் ஒப்புதல் தராமல் இருப்பதால் வேலை நகரவில்லை என்று மேலாளருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரி: ‘தி கிளையன்ட் இஸ் டிராகிங் தெயர் ஃபீட், ஸோ தி வொர்க் இஸ் கோயிங் இன் டார்டாய்ஸ் ஸ்பீட்.’ இது சரியா, ‘ஸ்லோலி’யைத் தவிர மெதுவைச் சொல்ல ஆங்கிலத்தில் என்னென்ன வழக்குகள் இருக்கின்றன, எதை எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இலக்கணப் பிழையைவிட இந்த மாதிரி வழக்குகளில்தான் ஆள் மாட்டிக்கொள்வது அதிகம். ‘மெதுவாக நடக்கிறது’ என்று தமிழில் சொன்னால் அது வெறும் தகவல். ஆங்கிலத்தில் மெதுவைச் சொல்லும் ஒவ்வொரு வழக்குக்குள்ளும் ‘தப்பு யாருடையது’ என்ற தீர்ப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. இயல்பே மெதுவா, சோம்பலா, மரமண்டையா, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களா, இல்லை நிதானமா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் சொல் தானாக வந்துவிடும்.

ஆமையிலிருந்தே தொடங்கலாம். நம் செய்தித்தாள்களில் மேம்பால வேலையோ பாதாளச் சாக்கடை வேலையோ இழுத்துக்கொண்டே போனால் ‘ஆமை வேகத்தில்’ என்றுதான் தலைப்பு வரும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது நத்தை. ‘அட் எ ஸ்னெயில்ஸ் பேஸ்’ என்பதுதான் புழக்கத்தில் உள்ள வழக்கு. ‘டார்டாய்ஸ்’ என்று எழுதினால் புரியாமல் போகாது. ஆனால் ஆங்கிலம் பேசுபவர் மனதில் அந்தச் சொல் ஈசாப்பின் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முயலைத் தோற்கடித்த ஆமை அது. ‘ஸ்லோ அண்ட் ஸ்டெடி வின்ஸ் தி ரேஸ்’ என்ற பழமொழியின் கதாநாயகன். குறை சொல்லப் போன இடத்தில் ஜெயித்தவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி? அந்தக் கதை நமக்கும் தெரியும், இருந்தாலும் ‘ஆமை வேகம்’ என்பதை நாம் குறையாகவே வைத்திருக்கிறோம். ‘இன்’ என்பதும் அங்கே பொருந்தாது. வேகத்துக்கு முன்னால் ‘அட்’ தான் வரும்.

நத்தை உண்மையிலேயே எவ்வளவு மெதுவு என்று பார்க்க இங்கிலாந்தில் ஒரு போட்டியே நடக்கிறது. நார்ஃபோக் பகுதியில் காங்ஹம் என்றொரு கிராமம். மேசையில் ஈரத்துணி விரித்து, வட்டத்தின் நடுவில் நத்தைகளை விடுவார்கள். வெளிவட்டத்தை முதலில் தொடும் நத்தைக்கு வெற்றி. தொடக்கி வைப்பவர் ‘ரெடி, ஸ்டெடி, ஸ்லோ’ என்று குரல் கொடுப்பார். 1995இல் ஆர்ச்சி என்ற நத்தை 13 அங்குலத்தை 2 நிமிடத்தில் கடந்ததுதான் அங்கே பேசப்படும் சாதனை. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 10 மீட்டர்.

ஓடில்லாத நத்தையை ஆங்கிலத்தில் ‘ஸ்லக்’ என்பார்கள். அது மெதுவாக ஊர்வதால்தான் சோம்பேறிக்கு ‘ஸ்லகர்ட்’, மந்தமாக இருப்பதற்கு ‘ஸ்லகிஷ்’ என்ற சொற்கள் வந்தன என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அகராதிகள் சொல்வது தலைகீழ். ‘ஸ்லக்’ என்றால் முதலில் சோம்பேறி மனிதன். 15ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பொருள் வந்துவிட்டது. ஓடில்லாத நத்தைக்கு அந்தப் பெயர் வைத்தது அதற்கு ரொம்பப் பின்னால், 1700ஐ ஒட்டி. தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் ‘ஸ்லாத்’ கதையும் அப்படித்தான். ‘ஸ்லோ’ என்ற சொல்லோடு ஒரு விகுதி சேர்ந்து ‘ஸ்லாத்’ ஆகி, கிறிஸ்தவ மரபின் ஏழு தலையான பாவங்களில் ஒன்றான சோம்பலுக்குப் பெயராக நின்றது. அந்தப் பாவத்தின் பெயரைத்தான் பின்னால் பாவம் ஒன்றும் அறியாத அந்த விலங்கின் தலையில் கட்டினார்கள். ‘ஸ்லோ’வின் பழைய வடிவத்துக்கே மந்தம், சோம்பல் என்பவைதான் முதன்மைப் பொருள். அதனால்தான் ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்து வெறுமனே ‘ஹி இஸ் ஸ்லோ’ என்றால் நடையைப் பற்றிச் சொல்கிறோமா, மூளையைப் பற்றிச் சொல்கிறோமா என்ற சந்தேகம் எழுகிறது. ஆளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லைத் தனியாக விடாதீர்கள்.

சரி, உங்கள் வரியின் முதல் பாதிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் கவலை.

‘டிராகிங் தெயர் ஃபீட்’ என்பதைக் காலைத் தேய்த்துக்கொண்டு நடப்பது என்று மட்டும் புரிந்துகொண்டால் தாமதம் என்றுதான் தோன்றும். ஆனால் அதன் பொருள் தாமதம் இல்லை, இழுத்தடிப்பு. செய்ய மனமில்லாமல், வேண்டுமென்றே காலம் கடத்துகிறார்கள் என்று அர்த்தம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் மொழிபெயர்த்தேன். தமிழ் மூலத்தில் ‘உங்கள் தரப்பில் சற்றுத் தாமதமாகிறது’ என்றுதான் இருந்தது. மரியாதையான வரி. நல்ல ஆங்கிலமாக இருக்கட்டும் என்று நான் ‘யுவர் டீம் ஹாஸ் பீன் டிராகிங் இட்ஸ் ஃபீட்’ என்று போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. எப்போதும் பெயர் சொல்லித் தொடங்கும் அந்த மனிதர், அன்றைக்கு ‘டியர் சார்ஸ்’ என்று தொடங்கியிருந்தார். கீழே, தங்கள் குழுவில் ஒருவர் மருத்துவமனையில் இருந்ததையும், மற்றவர்கள் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்ததையும் தேதிவாரியாக எழுதியிருந்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. படிக்கப் படிக்க எனக்குக் கை நடுங்கியது. என் முதலாளி அவருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். தமிழில் ‘தாமதமாகிறது’, ‘இழுத்தடிக்கிறார்கள்’ இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன! அந்த இடைவெளியை ஆங்கிலத்தில் நான் கவனிக்கவில்லை.

வேண்டுமென்றே மெதுவாக இருப்பதைப் பற்றிப் பேசும்போது ‘கோ ஸ்லோ’வைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் ஊர்த் தொழிற்சங்கங்களும் ‘கோ ஸ்லோ’ என்றேதான் சொல்கின்றன. அதற்கு முன்னோடி ‘கா கேனி’ என்ற ஸ்காட்லாந்து வழக்கு. வண்டிக்காரனிடம் ‘பார்த்து ஓட்டுப்பா’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பண்ணை ஆட்களைக் கூட்டிவந்து சரக்கு ஏற்றி இறக்கினார்கள். போராட்டம் தோற்றது, பழைய கூலிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது சங்கச் செயலாளர் தன் ஆட்களிடம் ஒரு யோசனை சொன்னார். பண்ணை ஆட்களின் வேலை பரம திருப்தி என்று முதலாளிகள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கப்பலில் நிற்கத் தெரியாமல் தடுமாறியதையும், சுமந்ததைக் கீழே போட்டதையும் நாம் கண்ணால் பார்த்தோம். அதே கூலிக்கு நாமும் அதே மாதிரி வேலை செய்வோம் என்றார். அப்படியே செய்தார்கள். சில நாளில் கேட்ட உயர்வு கிடைத்தது. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிலாளர்கள் மேல் மரியாதைதான் வருகிறது. ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நம் 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் பின்னால் சேர்த்த ஐந்தாவது அட்டவணை, வேண்டுமென்றே செய்யும் ‘கோ ஸ்லோ’வை நேர்மையற்ற செயல்களில் ஒன்றாக வைத்தது. ஆகவே ஒரு குழுவைப் பற்றி எழுதும்போது ‘கோயிங் ஸ்லோ’ என்று போட்டால் போராட்டம் நடக்கிறது என்று படிப்பவர் நினைக்கக்கூடும்.

யார் மேலும் பழி போடாமல் மெதுவை மட்டும் சொல்ல அமெரிக்கர்களிடம் ஓர் அழகான வழக்கு இருக்கிறது: ‘ஸ்லோ ஆஸ் மொலாசஸ் இன் ஜனவரி’. சர்க்கரை ஆலையில் கடைசியாக மிஞ்சும் கருத்த பாகுதான் மொலாசஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் சர்க்கரைக்குப் பதிலாக மலிவாகக் கிடைத்தது அது. வட மாநிலங்களில் ஜனவரி என்றால் உறையும் குளிர். பீப்பாயைச் சாய்த்து வைத்துவிட்டு, பாகு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாம் வெயிலில் வைப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வழக்கைச் சொல்லும்போது எனக்கு ஒரு தேதி நினைவுக்கு வராமல் போவதில்லை. 1919 ஜனவரி 15, பாஸ்டன் நகரம், நார்த் எண்ட் பகுதி. அங்கே 50 அடி உயரத்தில் ஒரு மொலாசஸ் தொட்டி. மதிய உணவு நேரத்தில் அது வெடித்துப் பிளந்தது. சுமார் 23 லட்சம் காலன் பாகு, நம் கணக்கில் ஏறக்குறைய 87 லட்சம் லிட்டர், தெருவில் பாய்ந்தது. அலை 25 அடி உயரம் இருந்ததாகவும், மணிக்கு 35 மைல் வேகத்தில் வந்ததாகவும் பதிவுகள் சொல்கின்றன. 21 பேர் இறந்தார்கள், 150 பேர் காயமடைந்தார்கள். உயரத்தில் ஓடிய ரயில் பாதையின் இரும்புத் தூண்களே வளைந்துபோயின. ஜனவரி மாதத்து மொலாசஸ், மனிதன் ஓடித் தப்ப முடியாத வேகத்தில் வந்தது! ஆனால் அந்தப் பழைய வழக்கு சொல்வதும் பொய்யில்லை. முதல் வேகம் அடங்கியதும் பாகு குளிரில் இறுகத் தொடங்கியது. சிக்கியவர்களால் கையைக் காலை அசைக்க முடியவில்லை, காப்பாற்றப் போனவர்களாலும் நடக்க முடியவில்லை. அந்தத் தொட்டி அதற்கு முன்பிருந்தே கசிந்துகொண்டிருந்தது. சரி செய்யாமல், கசிவு தெரியாதபடி பாகு நிறத்திலேயே வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். அதைப் படித்தபின் இந்தச் சொல்லை விளையாட்டாகப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. நீங்கள் பயன்படுத்தலாம், தப்பில்லை. பேச்சுக்கு நன்றாக இருக்கும், அலுவலகக் கடிதத்துக்குச் சரிவராது.

பிரிட்டனில், கிளம்ப நேரமாக்குபவரை ‘ஸ்லோகோச்’ என்று செல்லமாகத் திட்டுவார்கள். அதே ஆள் அமெரிக்காவில் ‘ஸ்லோபோக்’. இந்தக் கோச், பயிற்சியாளர் இல்லை, குதிரை வண்டி. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவல் தொடராக வந்து 1837இல் முடிந்தது. அதில் ஒரு நீதிமன்றக் காட்சி. கல்யாண வாக்கு மீறியதாகக் கதாநாயகர் பிக்விக் மேல், அவர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா போட்ட வழக்கு. நாளை வரை வீட்டுக்கு வரமாட்டேன், ‘ஸ்லோ கோச்’ என்று பிக்விக் அந்த அம்மாவுக்கு எழுதிய துண்டுச் சீட்டு சாட்சியாக வருகிறது. வண்டி மெதுவு என்றுதான் அவர் எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீலோ, அது இந்த விவகாரத்தில் நாளைக் கடத்திய பிக்விக்கையே குறிக்கிறது என்று அடித்துப் பேசுகிறார். வண்டியைக் குறித்த சொல் ஆளைக் குறிக்கும் சொல்லாக மாறுவதை அங்கே கண்ணெதிரே பார்க்கலாம்.

வண்டி என்றதும் இன்னொன்று. அடுக்குமாடி வாசலிலும் தொழிற்சாலை நுழைவிலும் சிவப்பு எழுத்தில் ‘டெட் ஸ்லோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செத்தவன் மாதிரி மெதுவாக என்றோ, வேகமாகப் போனால் சாவு என்றோ பலர் நினைக்கிறார்கள். ‘டெட்’ என்பதற்கு அங்கே ‘முற்றிலும்’ என்று பொருள், ‘டெட் டயர்ட்’ என்பதில் வருகிற மாதிரி. கப்பலில் மேல்தளத்திலிருந்து இன்ஜின் அறைக்குக் கட்டளை அனுப்பும் கருவியின் முகப்பில் ‘ஃபுல்’, ‘ஹாஃப்’, ‘ஸ்லோ’, ‘டெட் ஸ்லோ’, ‘ஸ்டாப்’ என்று வரிசையாக இருக்கும். நிற்பதற்கு முந்தின படிதான் ‘டெட் ஸ்லோ’.

புரிந்துகொள்ள நேரமாகிறவரைப் பற்றி ‘ஸ்லோ ஆன் தி அப்டேக்’ என்பார்கள். ‘அப்டேக்’ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் விளங்கிக்கொள்ளும் திறன். நாம் அதே ஆளை ‘ட்யூப்லைட்’ என்போம். சுவிட்சைப் போட்டதும் எரியாமல், ஸ்டார்ட்டர் இரண்டு மூன்று தடவை கண்ணடித்துவிட்டுப் பிறகு எரியுமே, அந்தக் காட்சியிலிருந்து வந்த சொல். சொல் ஆங்கிலம், வழக்கு நம் நாட்டுடையது. லண்டனில் ஒருவரிடம் ‘ஹி இஸ் எ ட்யூப்லைட்’ என்றால் முழிப்பார். இரண்டுமே ஆளைச் சுடும் சொற்கள்தான். அலுவலகத்தில் எழுத்தில் வேண்டாம்.

‘டேக் யுவர் டைம்’ விஷயத்தில் காலம் பார்த்துப் பேச வேண்டும். ஒருவர் ஒரு வேலையைத் தொடங்கும்போது சொன்னால் அன்பு: அவசரமில்லை, ஆற அமரச் செய்யுங்கள். முடித்துவிட்டு வந்தபின் ‘யூ டுக் யுவர் டைம்’ என்றால் அது குற்றச்சாட்டு: இவ்வளவு நேரமா? வினைச்சொல் இறந்தகாலத்துக்குப் போனதும் முகமே மாறிவிடுகிறது. பொருள் தெரிந்தாலும் தொனி பிடிபட நாளாகும்.

‘அட் எ கிளேஷியல் பேஸ்’ என்று எழுதுவதையும் பார்க்கலாம், பனியாற்றின் வேகத்தில் என்று. பெரும்பாலான பனியாறுகள் நாளுக்கு ஒரு மீட்டர்கூட நகராது. பேச்சுவார்த்தை, சட்டத் திருத்தம், அரசாங்கக் கோப்பு போன்ற பெரிய விஷயங்களுக்கு இது பொருந்தும். ஆனால் கிரீன்லாந்தின் யாகோப்ஸ்ஹாவ்ன் பனியாறு 2012 கோடையில் நாளுக்குச் சுமார் 46 மீட்டர் ஓடியது. உலகம் சூடாகிக்கொண்டே போனால் இந்த உவமை எத்தனை நாள் தாங்குமோ, தெரியவில்லை.

மெதுவைப் புகழ்ந்து பேசும் வழக்குகளும் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. கிரிக்கெட்டில் ‘ஸ்லோ பவுலர்’ என்றால் சுழற்பந்து வீச்சாளர், அதில் குறை ஏதும் இல்லை. 1980களில் இத்தாலியில் துரித உணவுக்கு எதிராகக் கார்லோ பெட்ரினி தொடங்கிய ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் நத்தையையே சின்னமாக வைத்துக்கொண்டது. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்’. அவசரம் கூடினால் வேகம் குறையும் என்று சொற்களை வைத்துப் பொருள் கொள்வார்கள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பீட்’ என்பதற்கு வெற்றி, நல்ல பலன் என்று பொருள். பயணம் போகிறவருக்கு ‘காட்ஸ்பீட்’ என்று வாழ்த்துவதும் கடவுள் காரியத்தைக் கைகூட வைக்கட்டும் என்றுதான். வேகமாகப் போ என்றில்லை. ஆக அந்தப் பழமொழி சொல்வது, பதற்றம் கூடக் கூடக் காரியம் கெடும் என்பது. நம்மிடம் அச்சு அசலாக அது இருக்கிறது: பதறாத காரியம் சிதறாது. ‘ஸ்லோ அண்ட் ஸ்டெடி’க்கு நம் பக்கத்துத் துணை, பையச் சென்றால் வையம் தாங்கும். நெல்லைப் பக்கம் இன்றைக்கும் ‘பையப் போ’ என்று சொல்லித்தான் வழியனுப்புகிறார்கள்.

இன்னொரு ஜோடியையும் சொல்லாமல் விட மனமில்லை. ‘தி மில்ஸ் ஆஃப் காட் கிரைண்ட் ஸ்லோலி, யெட் தே கிரைண்ட் எக்ஸீடிங் ஸ்மால்.’ கடவுளின் மாவரைக்கும் கல் மெதுவாகச் சுற்றும், ஆனால் மிக நைசாக அரைக்கும். கிரேக்கத்தில் பிறந்த கருத்து. ஜெர்மானியக் கவிஞர் லோகாவ் வழியாக, அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு இந்த வடிவில் வந்தது. ‘ஸ்மால்’ என்பதைக் கொஞ்சமாக அரைக்கும் என்று மொழிபெயர்த்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எடுத்தால் எல்லாமே கெட்டுப்போகும். ஒரு மணிகூடத் தப்பாமல் மாவாகும் என்பதுதான் பொருள். இதைத் தமிழில் கொண்டுவர நான் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் அம்மா சமையலறையிலிருந்தே சொன்னார்: ‘அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்.’ அந்த ‘நின்று’ என்ற ஒரு சொல்லில் தாமதமும் இருக்கிறது, தப்ப முடியாது என்பதும் இருக்கிறது.

உங்கள் மின்னஞ்சலுக்கு வருவோம். வாடிக்கையாளர் ஏன் ஒப்புதல் தரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். தெரியாதபோது ‘டிராகிங் தெயர் ஃபீட்’ வேண்டவே வேண்டாம். மேலாளர் அந்த மின்னஞ்சலை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘ஸ்னெயில்ஸ் பேஸ்’கூட இந்த இடத்தில் புகார்போல ஒலிக்கும், சக ஊழியரிடம் தேநீர் குடிக்கும்போது தாராளமாகச் சொல்லலாம். மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்: ‘தி அப்ரூவல் இஸ் டேக்கிங் லாங்கர் தேன் எக்ஸ்பெக்டட், அண்ட் அவர் வொர்க் ஹாஸ் ஸ்லோட் டவுன் அஸ் எ ரிசல்ட்.’ யார் மேலும் விரல் நீட்டவில்லை, நடந்தது நடந்தபடி இருக்கிறது. அதற்குக் கீழே, ஒப்புதல் கேட்டு நீங்கள் கடைசியாக எழுதிய தேதியையும் சேர்த்துவிடுங்கள்.